சட்டம் மாறட்டும், தமிழில் முன்கூட்டியே சொல்லிவிட்டு மாறட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கோவை கணபதியில் பம்ப்செட் உதிரிபாகங்களுக்கு ஜாப் ஒர்க், அதாவது கம்பெனிகள் தரும் ஆர்டரைக் கூலிக்குச் செய்து கொடுக்கிற சிறிய லேத் பட்டறை நடத்துகிறேன். இருபது பேருக்கு மேல் வேலை பார்க்கிறார்கள், அதனால் பி.எஃப்., இ.எஸ்.ஐ. இரண்டும் உண்டு. புதிய தொழிலாளர் சட்டங்களைப் பற்றி முதலாளிகள் தரப்பு ஒன்று சொல்வதையும் தொழிற்சங்கங்கள் வேறு சொல்வதையும் பத்திரிகைகளில் படிக்கிறேன். என்னைப் போன்றவர்களின் பிரச்சினை இரண்டிலும் வருவதில்லை. என்ன மாறியிருக்கிறது, எந்தத் தேதியிலிருந்து, என் சம்பளப் பட்டியலில் எந்த வரியைத் திருத்த வேண்டும் என்பதே எங்களுக்கு ஒழுங்காக வந்து சேர்வதில்லை.

சம்பளம் கூடுவதற்கு நான் எதிரி இல்லை. லேத்தில் நாள் முழுக்க நின்று வேலை செய்கிறவனுக்குச் சட்டம் கொடுக்கச் சொல்வதைக் கொடுக்க வேண்டும், அதில் பேச்சே கிடையாது. ஆனால் கொடுக்க வேண்டியது எவ்வளவு என்று தெரிந்தால்தானே கொடுக்க முடியும்?

2025 நவம்பர் 21 அன்று நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன, 29 பழைய மத்தியச் சட்டங்கள் அவற்றுக்குள் போய்விட்டன. அந்த வாரமே வாட்ஸ்அப்பில் தகவல் பறந்தது. ஒரு வருடம் வேலை செய்தாலே எல்லாருக்கும் பணிக்கொடை (வேலையை விட்டுப் போகும்போது மொத்தமாகக் கிடைக்கிற கிராஜுவிட்டி) என்று ஒன்று, பி.எஃப். பிடித்தம் கூடி கைக்கு வரும் சம்பளம் குறையப்போகிறது என்று இன்னொன்று. பட்டறைப் பையன்கள் வந்து கேட்கிறார்கள், நான் என்ன சொல்வது? ஒரு வருடத்தில் பணிக்கொடை என்பது குறிப்பிட்ட கால ஒப்பந்தத்தில் சேர்ந்தவர்களுக்கு மட்டும்தான், நிரந்தரத் தொழிலாளிக்கு அதே ஐந்து வருடம்தான். பி.எஃப். 15,000 ரூபாய் உச்சவரம்புக்குப் பிடிக்கிற இடத்தில் பிடித்தம் மாறாது என்று மத்திய தொழிலாளர் அமைச்சகமே பிறகு விளக்கம் கொடுத்தது. அதற்குள் பட்டறையில் பாதிப் பேர் வதந்தியை நம்பிவிட்டார்கள், முதலாளி ஏதோ மறைக்கிறார் என்ற சந்தேகம் ஒருமுறை வந்துவிட்டால் அதைப் போக்குவது எவ்வளவு கஷ்டம் என்று ஆள் வைத்து வேலை வாங்குகிற எல்லாருக்கும் தெரியும்.

உண்மையில் பெரிய மாற்றம் ஊதியம் எது என்ற கணக்கில்தான். வீட்டு வாடகைப்படி, பயணப்படி போன்று ஊதியத்தில் சேராதவை மொத்தத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய தொகை ஊதியத்தில் சேர்ந்துவிடும். ஒரு சூப்பர்வைசருக்கு மாதம் 40,000 என்று வைத்துக்கொள்வோம். அடிப்படையும் பஞ்சப்படியும் சேர்த்து 16,000, வாடகைப்படி 14,000, பயணப்படி 10,000. படிகள் மட்டும் 24,000 வருகிறது, பாதி என்பது 20,000, ஆகவே மிச்சம் 4,000 ஊதியத்தோடு சேர்ந்து அவருடைய ஊதியம் 20,000 ஆகிறது. பத்து வருடம் வேலை செய்து அவர் விலகினால் முன்பு பணிக்கொடை சுமார் 92,300 ரூபாய், இப்போது சுமார் 1,15,400. கூடுதலாக 23,000 ரூபாய், அது அவருக்கு நியாயமாகச் சேர வேண்டிய பணம். படிகளாகப் பிரித்துப் போட்டு அடிப்படையைச் சின்னதாகக் காட்டும் பழக்கம் ஒழிந்தால் நல்லதுதான். இவ்வளவுதான் விஷயம், இதை இப்படி ஒரு பக்கத்தில் தமிழில் எழுதி முன்கூட்டியே எல்லாப் பட்டறைக்கும் அனுப்பியிருக்கலாம். என் கைக்கு வந்ததெல்லாம் ஆங்கிலத்தில் நீண்ட நீண்ட பக்கங்கள்.

இன்னொரு சிக்கல், தொழிலாளர் விவகாரம் மத்திய, மாநில அரசுகள் இரண்டும் சட்டம் போடக்கூடிய பொதுப் பட்டியலில் இருக்கிறது. மத்திய அரசு சட்டம் போட்டாலும் பல விஷயங்களுக்கு மாநில அரசு விதி வகுக்க வேண்டும், அதுவரை புதிய சட்டத்துக்கு முரண்படாத பழைய விதிகள் தொடரும் என்கிறார்கள். எது முரண், எது முரண் இல்லை என்று லேத் ஓட்டுகிறவன் எப்படி முடிவு செய்வான்? ஐந்நூறு பேர் வேலை செய்கிற கம்பெனியில் அதற்கென்று ஒரு துறையே இருக்கும். எங்களுக்கு மாதம் 15ஆம் தேதிக்குள் பி.எஃப்., இ.எஸ்.ஐ. சலான் போட்டுக் கொடுக்கிற ஒரு ஆபீஸ்தான், அவர்களைக் கேட்டால் பொறுங்கள் சார், பார்த்துக்கொள்ளலாம் என்பதுதான் பதில்.

2023இல் நடந்ததையும் நினைத்துப் பார்க்க வேண்டும். பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழி செய்யும் மசோதா ஏப்ரல் 21 அன்று நம் சட்டமன்றத்தில் நிறைவேறியது, மூன்றே நாளில் நிறுத்தி வைக்கப்பட்டது, மே தினத்தன்று வாபஸ் என்று முதல்வர் அறிவித்தார். நிறைவேறிய செய்தி போய்ச் சேர்ந்த இடங்களுக்கெல்லாம் வாபஸ் செய்தி போகவில்லை. அதற்கப்புறமும் பன்னிரண்டு மணி நேரம் ஓட்டலாமே என்று ஆர்டர் கொடுக்கிறவர்கள் என்னிடமே கேட்டிருக்கிறார்கள்.

குறைந்தபட்ச ஊதியம் ஒவ்வொரு தொழிலுக்கும் தனித்தனி அரசாணை, அதன் மேல் ஏப்ரல் 1 தோறும் மாறுகிற பஞ்சப்படி. அது தேவைதான், விலைவாசி ஏறுகிறது. ஆனால் ஜாப் ஒர்க் ரேட் அதோடு சேர்ந்து ஏறுவதில்லை. பெரிய கம்பெனிகள் ரேட் பேசும்போது அந்த வருடத்துப் பஞ்சப்படி உயர்வைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று யாராவது கட்டாயப்படுத்தினால் எங்கள் பாடு பாதி தீரும். அது தனிக் கடிதமாகவே எழுத வேண்டிய விஷயம்.

அப்புறம் கணக்கு முடிக்கிற விஷயம். வேலையிலிருந்து நீக்கினாலும் சரி, தானாக விலகினாலும் சரி, இரண்டு வேலை நாளுக்குள் சம்பள பாக்கியைக் கொடுக்க வேண்டும் என்று அந்த நான்கில் ஒன்றான ஊதியச் சட்டத் தொகுப்பு சொல்கிறது. நல்ல விதி, பாக்கிக்காக ஒருவனை மாதக்கணக்கில் நடக்க விடுவது பாவம். ஆனால் எங்கள் பக்கம் ஒடிசா, பிகார் பிள்ளைகள் நிறைய. ஹோலிக்கு ஊருக்குப் போனவன் திரும்பி வராமல், போனையும் எடுக்காமல் இருந்தால் அவன் விலகியதாகக் கணக்கா, விடுப்பில் இருப்பதாகக் கணக்கா, இரண்டு நாள் எந்த நாளிலிருந்து தொடங்கும்? இதற்கு ஒருவர் எழுத்தில் பதில் தர வேண்டும்.

பதில் தர வேண்டியவர் யார் என்பதைச் சட்டமே சொல்லியிருக்கிறது. பழைய ஆய்வாளர் இப்போது ஆய்வாளர் மட்டுமல்ல, வழிகாட்டியும்கூட, முதலாளிக்கும் தொழிலாளிக்கும் ஆலோசனை சொல்வது அவர் வேலை. வழக்குப் போடும் முன் சரிசெய்துகொள்ள எழுத்துபூர்வமாக ஒரு வாய்ப்புத் தர வேண்டும் என்றும், ஐந்து வருடத்துக்குள் அதே தவறை மறுபடி செய்தவருக்கு மட்டும் அந்த வாய்ப்பு இல்லை என்றும் ஊதியத் தொகுப்பில் இருக்கிறது. எத்தனை சிறு முதலாளிகளுக்கு இது தெரியும்?

எனவே தொழிலாளர் துறைக்கு உங்கள் பத்திரிகை வழியாக என் கோரிக்கை. ஒவ்வொரு மாற்றத்துக்கும் தேதி போட்டு, மாதிரிச் சம்பளச் சீட்டோடு தமிழில் ஒரு பக்க அறிவிப்பு அமலுக்கு வரும் முன்பே வர வேண்டும். எங்கள் கைபேசி எண் பி.எஃப்., இ.எஸ்.ஐ. பதிவில் ஏற்கெனவே இருக்கிறது, அதற்கே அனுப்பலாம். அதே அறிவிப்பு தொழிலாளிக்கும் போக வேண்டும், அப்போதுதான் இரண்டு பேரும் ஒரே கணக்கைப் பார்ப்போம். மாதத்தில் ஒரு நாள் குறிச்சி சிட்கோ, கணபதி, பீளமேடு என்று பட்டறைகள் இருக்கிற இடத்துக்கே அந்த வழிகாட்டி வந்து உட்கார்ந்தால், சம்பளப் பட்டியலை எடுத்துக்கொண்டு முதல் ஆளாக நான் வருகிறேன்.

இப்படிக்கு,
ஒரு சிறுதொழில் நடத்துநர்,
கணபதி, கோவை.