விஜயாவுக்கு ஒரு பதில் கடிதம்

மதுரை

அன்புள்ள விஜயா,

உன் கடிதம் கிடைத்தது. பேரன் நடை பழகுவதை இரண்டு பக்கத்துக்கு எழுதிவிட்டு, கேட்க வந்ததை நாலே வரியில் முடித்துவிட்டாய். இங்கே எல்லோரும் சுகம். என் ரிட்டயர்மென்ட் பேப்பர் மேசை மேசையாக நகர்ந்துகொண்டிருக்கிறது, அது வரும்போது வரட்டும். நம்மோடு நர்ஸாக இருந்த மல்லிகா தூத்துக்குடிக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டாள். அவள் இல்லாமல் நைட் டியூட்டியில் பேச்சுத்துணையே இல்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அவர் போன பிறகு, இந்த வயசில், இப்படித் தன்னந்தனியாக... தப்பா என்று சுய இன்பத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறாய். தப்பில்லை, வியாதியும் இல்லை. ரத்தம் கெடும், நரம்பு தளரும், கண் மங்கும் என்பதெல்லாம் லாட்ஜில் ரூம் போட்டு லேகியம் விற்கிறவர்கள் ஊர் ஊராகச் சொல்லிவிட்டுப் போன கதை. ‘வாலிப வயோதிக அன்பர்களே’ என்றுதான் கூப்பிடுவார்கள், நினைவிருக்கிறதா? பெண்களை அவர்கள் கூப்பிட்டதே இல்லை. அந்த மட்டில் நாம் பிழைத்தோம்.

ஆனால் நீ செய்கிற ஒரு காரியத்தை இன்றோடு நிறுத்து. முடிந்த பிறகு கிருமிநாசினி ஊற்றிய தண்ணீரால் உள்ளே கழுவுகிறேன் என்று எழுதியிருக்கிறாயே, அதைச் சொல்கிறேன். உள்ளே சோப்பும் வேண்டாம், மருந்துத் தண்ணீரும் வேண்டாம். அங்கே இருக்கும் நல்ல பாக்டீரியா லாக்டிக் அமிலத்தைச் சுரந்து கெட்ட கிருமிகளை அண்டவிடாமல் பார்த்துக்கொள்கிறது. மாதவிடாய் நின்ற பிறகு அந்தக் காவல் ஏற்கெனவே குறைந்திருக்கும். மிச்சத்தை நீயே கழுவித் தள்ளுகிறாய். வெளிப்புறத்தைச் சாதாரணத் தண்ணீரால் கழுவினால் போதும்.

கையைத்தான் நன்றாகக் கழுவ வேண்டும், அதுவும் முன்னாலேயே. நகத்தை ஒட்ட வெட்டிவிடு. மிளகாய் நறுக்கின கை, தலைவலித் தைலம் தொட்ட கை ஆகாது. சிரிக்காதே, கண்ணீரும் கம்பலையுமாக கேஷுவால்டிக்கு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். மிளகாய்க் காரம் வெறும் தண்ணீருக்குப் போகாது, கையில் கொஞ்சம் எண்ணெய் தேய்த்து அப்புறம் சோப்புப் போட வேண்டும். பின்பக்கம் பட்ட விரலோ பொருளோ கழுவாமல் முன்பக்கம் வரக் கூடாது. நம் சிறுநீர்ப் பாதை நாலு சென்டிமீட்டர்தான், குடலில் இருக்கிற கிருமி ஏறிவிட அது ரொம்பச் சின்ன தூரம். முடிந்ததும் சிறுநீர் கழித்துவிடு. உனக்குச் சர்க்கரை வேறு இருக்கிறது, புண் சீக்கிரம் ஆறாது, பூஞ்சைத் தொற்றும் எளிதில் பிடிக்கும். நீ சொன்ன எரிச்சலுக்கு மெடிக்கல் ஷாப்பில் கேட்டு மாத்திரை போடாதே. யூரின் டெஸ்ட் எடுத்துப் பார்ப்போம்.

இந்த வயசில் வறட்சி இருக்கும், தோலும் மெலிந்திருக்கும். அவசரப்பட்டால் கிழிந்துவிடும். தண்ணீர் கலந்த ஜெல் கடையிலேயே கிடைக்கிறது, அதை வாங்கு. வார்டில் கதீட்டர் போடும்போது நாம் தடவுகிற ஜெல்லி கைக்கு வந்தாலும் தொடாதே. அது மரத்துப்போக வைக்கும் மருந்து. வலிதான் ‘போதும்’ என்று சொல்லும் ஒரே ஆள், அதன் வாயை அடைக்கக் கூடாது.

மசாஜர் என்ற பெயரில் விற்கிறார்களே, அது சிலிகானாக இருந்தால் சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவிக் காயவைக்கலாம். சார்ஜில் இருக்கும்போது தொடாதே. சமையலறைச் சாமான், கண்ணாடி, நுனி கூரான எதுவும் வேண்டாம்.

சர்ஜிக்கல் பக்கம் இருந்த காலத்தில் நான் பார்த்ததை உன்னிடம் இதுவரை சொன்னதில்லை. முன்பக்கம் வைத்த பொருள் எங்கேயும் தொலைந்துபோகாது, கர்ப்பப்பை வாய் தடுத்து நிறுத்திவிடும். பின்பக்கம் அப்படியில்லை, அடுத்து பெருங்குடல். அடிப்பாகம் அகலமாக இல்லாத பொருள் மேலே ஏறிவிட்டால் தசை இறுகிக் கதவைச் சாத்திவிடும். வீட்டிலேயே இடுக்கி விட்டு இழுத்தவர்கள், பேதி மாத்திரை போட்டவர்கள் எல்லோரும் குடலைக் கிழித்துக்கொண்டுதான் வந்தார்கள். சிறுநீர்த் துளையில் பேனா ரீஃபில் விட்டவர் ஒருவர். அது சிறுநீர்ப் பைக்குள் போய், அதைச் சுற்றிக் கல் கட்டியிருந்தது. ஆண்கள் மோதிரமோ நட்டோ மாட்டிக்கொண்டு, வீங்கி நீலமான பிறகு வருவார்கள். ஒரு மணி நேரத்தில் வந்திருந்தால் நூல் சுற்றியே கழற்றியிருக்கலாம். இரானில் கெர்மான்ஷா என்று ஒரு ஊர். அங்கே விறைத்த உறுப்பைச் சொடக்கு எடுப்பதுபோல் வளைக்கிற பழக்கம் இருந்திருக்கிறது. அந்த ஊர் டாக்டர் ஒருவர் உறுப்பு முறிந்த கேஸ்களை எழுதி 2000இல் வெளியிட்டார், மொத்தம் 172. பெரும்பாலானவை இப்படி வளைத்ததால் வந்தவை. ‘டப்’பென்று சத்தம் கேட்டு வீங்கினால் அன்றைக்கே ஆபரேஷன் செய்ய வேண்டும், தள்ளிப்போட்டால் கோணிவிடும். கழுத்தை இறுக்கிக்கொள்கிறவர்களும் உண்டு. அதற்குப் பாதுகாப்பான வழி என்று ஒன்றுமே கிடையாது, சில விநாடியில் நினைவு போய்விடும். அவர்களை நான் வார்டில் பார்க்கவில்லை, மார்ச்சுவரிக்குப் போகிற வழியில்தான்.

இவர்களில் முக்கால்வாசிப் பேர் இரண்டு நாள் கழித்துத்தான் வந்தார்கள். ‘வழுக்கி விழுந்தேன் சிஸ்டர்’ என்பார்கள். எக்ஸ்ரே எதிரே தொங்கிக்கொண்டிருக்கும். நமக்கு அது இன்னொரு கேஸ், அவ்வளவுதான். என்ன பொருள், எப்போது போனது, யாராவது கட்டாயப்படுத்தினார்களா, இந்த மூன்றைத்தான் கேட்போம். அதை அவர்கள் உடனே சொன்னால் பாதி வேலை மிச்சம்.

உன்னையும் அதில்தான் சேர்க்க வேண்டியிருக்கிறது. கடைசி வரியில், கையெழுத்துக்கு மேலே, ‘துளி ரத்தம் பட்டது, சொல்ல மறந்தேன்’ என்று எழுதியிருக்கிறாய். மறந்தாயா விஜயா? நின்றுபோன பிறகு ஒரு துளி வந்தாலும் காட்டியாக வேண்டும் என்று நாம் எத்தனை பேருக்குச் சொல்லியிருப்போம். பெரும்பாலும் தோல் மெலிந்ததால் வருகிற ரத்தம்தான், அதற்கு உள்ளே தடவ ஈஸ்ட்ரோஜன் க்ரீம் எழுதித் தருவார்கள். ஆனால் கர்ப்பப்பையில் புற்று இருந்தாலும் முதலில் இப்படித்தான் தலைகாட்டும். ஆரம்பத்திலேயே பிடித்தால் ஆபரேஷனோடு முடிகிற வியாதி. ஸ்கேன் பார்க்காமல் ‘நானே கீறிக்கொண்டேன்’ என்று நீயே தீர்ப்பு எழுதாதே.

வியாழக்கிழமை எனக்கு ஆஃப். காலையில் முதல் பஸ்ஸில் ஏறிவிடு, மாட்டுத்தாவணியில் நிற்கிறேன். ஓ.பி.யில் லேடி டாக்டர் இருப்பார், நானும் கூடவே உள்ளே வருவேன். ரத்தம் என்றைக்கு, எவ்வளவு பட்டது என்பதையும், போடுகிற மாத்திரைகளையும் ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு வா. ஆஸ்பிரின் போடுகிறாய் என்றால் அதையும் எழுது. டாக்டரிடம் எப்படி வந்தது என்று சொல்லத் தயங்கினால் நான் சொல்கிறேன்.

மகளிடம் என்ன சொல்வது என்று யோசிக்காதே. சுசீலா வீட்டுக்குப் போகிறேன் என்று சொல். ஸ்கேன் முடிந்ததும் இங்கேதானே சாப்பிடப் போகிறாய்.

அன்புடன்,
சுசீலா