கசங்காத சட்டைப் பெண்ணும் குழித்துறை ரயிலும்

ஆசிரியருக்கு வணக்கம்.

அலுவலகத்துக்கு என்ன உடுத்தலாம் என்று ஞாயிறு மகளிர் பக்கத்தில் வந்த கட்டுரையைத் திங்கள் காலை குழித்துறை ரயில் நிலையத்தில் நின்றுகொண்டு படித்தேன். படத்திலிருந்த பெண் கசங்காத சட்டையில் சிரித்துக்கொண்டிருந்தார். நிச்சயம் அவர் ரயிலில் வரவில்லை.

நான் மார்த்தாண்டத்திலிருந்து தினமும் கேரளத்தில் திருவனந்தபுரத்தை ஒட்டிய கழக்கூட்டம் போய் ஒரு ஐடி நிறுவனத்தில் வேலை பார்ப்பவள். சேரும்போது 'கேஷுவல் டிரெஸ் போதும்' என்று ஒரு வரியில் முடித்துவிட்டார்கள். கேஷுவல் என்றால் என்ன என்று யாரிடம் கேட்பது? அம்மா சொன்னபடி கஞ்சி போட்ட காட்டன் சேலையில் போய் நின்றேன். அந்த மாடி முழுக்க ஜீன்ஸ். "எவிடெயா கல்யாணம்?" (எங்கே கல்யாணம்?) என்றார் பக்கத்து இருக்கை மலையாளச் சேச்சி. கேலியாகக்கூடக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்டார்.

அப்புறம் ஒருநாள் பாலராமபுரத்தில் இறங்கி, கைத்தறித் துணி எடுத்து குர்த்தா தைத்தேன். சந்தன வெள்ளை, கை ஓரத்தில் மெல்லிய கசவுக் கரை, அதாவது பொன்னிற ஜரிகை. ஜீன்ஸுக்கு மேலே அழகாகத்தான் இருந்தது, ஜூன் மழை வரும்வரை. திருவனந்தபுரம் தம்பானூரில் பஸ்ஸுக்கு ஓடியதில் தெப்பமாக நனைந்து, பையை நெஞ்சோடு அணைத்தபடி லிப்டில் ஏறினேன். அன்றோடு லைனிங் வைக்காத வெளிர் துணிக்கு ஒரு கும்பிடு. இருக்கையின் பின்னால் எப்போதும் ஒரு கறுப்பு ஷால் தொங்கும். ஏசிக் குளிருக்கும் அதுதான்.

இப்போதெல்லாம் தையல்கார அக்காவிடம் இரண்டே விஷயம் சொல்வேன். தோள் தையல் தோளெலும்பு முடியும் இடத்தில் நிற்க வேண்டும். அது சரியாக உட்கார்ந்தால் மலிவான துணிகூட எடுப்பாகத் தெரியும். பக்கத் தையலில் போன் முழுதாக மூழ்கும் பாக்கெட் வேண்டும். "இது என்ன ஆம்பிளைச் சட்டையா மக்ளே?" என்று முதலில் சிரித்தார். இன்று மற்றவர்களிடம் 'பாக்கெட் வேணுமா' என்று அவரே கேட்கிறார். வீடியோ மீட்டிங் நாளுக்குக் காலர் வைத்த ஒரு குர்த்தா உண்டு. கேமராவில் தெரிவது கழுத்தும் தோளும்தானே.

ஷால் பற்றி இன்னொன்று. 2019இல் தமிழகத் தலைமைச் செயலக ஊழியர்களுக்கு வந்த உத்தரவில் பெண்களுக்குச் சேலை அல்லது சுடிதார், சல்வார் கமீஸ், அதுவும் துப்பட்டாவோடு என்றிருந்தது. 2021இல் கேரள உயர்கல்வித் துறையோ, ஆசிரியைகளைச் சேலைதான் கட்ட வேண்டும் என்று கட்டாயப்படுத்தக் கூடாது என்றது. எல்லையிலிருக்கும் பாறசாலைக்கு இந்தப் பக்கம் ஒரு நியாயம், அந்தப் பக்கம் வேறொன்று. மார்பை மறைக்கும் தோள்சீலை போடும் உரிமைக்காக, ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்த எங்கள் ஊர்ப் பெண்கள் அந்தக் காலத்தில் பட்ட அடி கொஞ்சமல்ல. 1859இல், அப்போது எங்கள் ஊரை ஆண்ட திருவிதாங்கூர் அரசு அதை அனுமதித்தபோதுகூட, மேல்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்று நிபந்தனை வைத்தது. அதனால்தானோ என்னவோ, ஷால் போடு என்றாலும் எனக்கு எரிச்சல் வரும், போடாதே என்றாலும் வரும். குளிர்ந்தால் நானே போட்டுக்கொள்வேன்.

அடுத்த முறை மகளிர் பக்கத்துக்குப் படம் வேண்டுமென்றால், காலை ரயிலில் நின்றுகொண்டே வரும் யாராவது ஒரு பெண்ணைக் கேட்டு எடுத்துப் போடுங்கள். பாக்கெட் தெரிகிற மாதிரி.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மார்த்தாண்டம்.