விதைநெல்லுக்கு ஒரு பீப்பா

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வறட்சி என்றால் குளமும் கிணறும்தான் பேச்சில் முன்னுக்கு வருகின்றன. வற்றாத ஆறு ஒன்றுகூட இல்லாத யாழ்ப்பாணக் குடாநாட்டில் அது நியாயம்தான். ஆனால் தென்மராட்சியில் எட்டுப் பரப்பு வயல் செய்கிற எனக்கு வறட்சி முதலில் கைவைத்தது நெல்மூடையில்.

எங்கள் வயல் மானாவாரி. புரட்டாதியில் புழுதியில் விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்திருப்போம். முதல் மழைக்கு முளைத்தது, அடுத்த மழை இரண்டு மூன்று கிழமை பிந்தினால் கருகிவிடும். திரும்ப விதைக்க வேண்டும். வீட்டில் இன்னொரு புசல் நெல் வைத்திருப்பவர் மழை விழுந்த மறுநாளே எறிந்துவிடுவார். இல்லாதவர் கடன் கேட்டு அலைந்து முடிப்பதற்குள் நிலத்து ஈரம் போய்விடும்.

சென்ற வருடம் அலைந்தவர்களில் நானும் ஒருவன். விதைக்கென்று ஒதுக்கிய நெல்லைப் பசளைப் பையில் கட்டி, சீமெந்துத் தரையில் சுவரோடு சாய்த்து வைத்திருந்தேன். ஆவணியில் அவிழ்த்தபோது அந்துப்பூச்சி முகத்தில் பறந்தது. கையில் அள்ளியதில் பாதி வெறும் கோது. அடிப்பக்கம் கட்டிபட்டு மணத்தது. மிஞ்சியதை விதைத்தேன். அது கருகியபோது கையில் ஒரு பிடி இல்லை. மானிய விதைநெல் வரும் என்றார்கள். வந்தது, கார்த்திகையில், வயலில் வெள்ளம் நின்றபோது.

என் அப்புவின் காலத்தில் முற்றத்தில் நெல் வைக்கும் கொம்பறை நின்றது. தடி வரிந்து, மண்ணும் சாணமும் பூசி, நிலத்தில் முட்டாமல் உயர்த்தியிருந்தார்கள். நெல்லை உள்ளே போடுமுன் ஆச்சி ஒரு மணியைக் கடித்துப் பார்ப்பார். 'டக்'கென்று உடையாவிட்டால் திரும்பவும் வெயிலுக்கு. விதைநெல்லின் ஈரப்பதம் 13 வீதத்தைத் தாண்டக்கூடாது என்று இப்போது வகுப்பெடுக்கிறார்கள். ஆச்சியிடம் கருவி இல்லை, பல் இருந்தது.

கொம்பறையைத் திரும்பக் கட்டுங்கள் என்று கேட்கவில்லை. எலிக்கும் அது நல்ல வீடு. காற்றுப் புகாமல் மூடுகிற பிளாஸ்டிக் பீப்பா போதும். நன்றாகக் காய்ந்த நெல்லை விளிம்பு வரை நிரப்பி இறுக மூடினால் உள்ளே அகப்பட்ட பூச்சி மூச்சடைத்துச் சாகும், மருந்து வேண்டாம். அரைவாசி நிரப்பினால் சரிவராது. நெல்லைப் பரப்பிக் காயவிடப் படங்கும் வேண்டும். இப்போது வீதியில் பரப்பிவிட்டு ஒவ்வொரு பஸ்ஸுக்கும் ஒதுங்கி நிற்கிறோம்.

வறட்சி வந்தபின் அரிசியும் பருப்பும் பொதியாகத் தருகிறார்கள். பசித்தவருக்கு அது வேண்டும், குறை சொல்லவில்லை. அந்த நிவாரணத்தில் ஒரு பங்கைத் தை மாதத்தில், சூடடிக்கும்போதே, படங்காகவும் பீப்பாவாகவும் தரலாமே. நகை மீட்கவும் இயந்திரக் கூலி கொடுக்கவும் ஈரநெல்லை வரம்பிலேயே விற்றுவிட்டு, ஆடியில் கூடிய விலைக்கு அரிசி வாங்குகிறோம். அறுவடைக் காலத்தில் ஒரு சிறு கடன் கிடைத்தால் விதைக்குரியதாவது தப்பும். கமக்காரர் அமைப்புகள் ஊருக்கொரு விதை இருப்பு வைத்துக்கொள்ளக் கமநல சேவை நிலையங்கள் உதவட்டும். அதில் 80 நாளில் அறுக்கக்கூடிய பி.ஜி. 250 போன்ற குறுகிய வயது இனமும் இருந்தால் பிந்தி விதைப்பவருக்கும் ஒரு வழி உண்டு.

அடுத்த மாதம் புழுதி விதைப்பு. இந்த வருடம் என்னிடம் ஒரு நீலப் பீப்பா இருக்கிறது. தனியே வாங்கக் கட்டுப்படியாகவில்லை. பக்கத்து வயற்காரரோடு பாதிப்பாதி.

இப்படிக்கு,
கமக்காரன் ஒருவன்,
தென்மராட்சி.