கதையில் வந்தவளுக்கு முகம் இல்லாதது பற்றி

திருப்பூர்
14.12.2025, ஞாயிறு

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் புதன்கிழமை வந்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் நிம்மதி. கட்டுப் பிரித்த மறுநாளே அடுப்படிக்குப் போய்விட்டார்கள் என்று எழுதியிருந்தாய். கொஞ்ச நாளைக்கு அடுப்புப் பக்கம் விடாதே. சொட்டு மருந்தையும் நீயே நேரம் பார்த்துப் போடு. அவர்களிடம் விட்டால் போடாமலே "போட்டாச்சு" என்பார்கள். பாப்பா அடுத்த வருஷம் கல்லூரி போகப்போகிறாள் என்பதை என்னால் இன்னும் நம்ப முடியவில்லை.

கடிதத்தின் கடைசியில், நான் அனுப்பிய கதையைப் பற்றிப் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தாய். "எல்லாம் சரி மாப்ள, ஆனா அந்தப் பொண்ணுக்கு மட்டும் முகமே இல்லையே. அவனோட சட்டைப் பொத்தான் வரைக்கும் எழுதுற, அவகிட்ட வந்தா ஜன்னல், மழைன்னு போயிடுற." நாலு நாளாக அந்த வரியோடுதான் கம்பெனிக்குப் போய் வருகிறேன். பதில் உனக்கே தெரிந்திருக்கும், தெரிந்துதான் கேட்டிருக்கிறாய் என்று படுகிறது. இருந்தாலும் என் கையால் எழுதிவிட வேண்டும் என்று இந்த ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்கி வைத்தேன்.

முதலில் வேலையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஆகஸ்டில் அமெரிக்கா வரியை 50 சதவீதத்துக்கு ஏற்றியதிலிருந்து ஊர் ஒரு மாதிரி இருக்கிறது. எங்களுக்கு ஐரோப்பிய பையர்கள்தான் அதிகம் என்பதால் ஓவர்டைம் குறைந்ததோடு சரி. எங்கள் தெருவிலேயே சில யூனிட்டுகளில் சனிக்கிழமை சம்பள வரிசை சுருங்கிவிட்டது.

இந்த சீசனில் என் மேஜைக்கு ஒரு ஆர்டர் வந்தது. வெள்ளை ரவுண்ட் நெக், 160 ஜிஎஸ்எம் எடையில் சிங்கிள் ஜெர்சி பனியன் துணி, நெஞ்சில் ஆறு நிறக் கோடுகள். ஜூன் மாதத்துக்கு அங்கே கடைகளில் இருக்க வேண்டிய சரக்கு. ஸ்பெக் ஷீட்டைத் திறந்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், பச்சை, நீலம், ஊதா. 1978இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் கில்பர்ட் பேக்கரும் அவரோடு இருந்தவர்களும் கையாலேயே சாயம் தோய்த்துத் தைத்த, தன்பாலின ஈர்ப்பு உள்ள எங்களைப் போன்றவர்களின் கொடி அது. முதலில் எட்டு நிறம் இருந்தது. நிறையக் கொடிகள் தேவைப்பட்டபோது பளிச்சென்ற பிங்க் துணி கிடைக்காமல் அந்த நிறத்தை எடுத்துவிட்டார்கள். அப்புறம் இன்னொரு நிறமும் போய் ஆறானது. துணி கிடைக்காமல் ஒரு நிறத்தை விட வேண்டி வந்தது என்று படித்த நாளில் அந்த மனிதர்கள்மேல் எனக்குத் தனிப் பாசம் வந்தது. அந்தத் தவிப்பு திருப்பூரில் வேலை செய்கிற எவனுக்கும் புரியும்.

ஆறு நிறம் என்றால் ஆறு ஸ்கிரீன். ஸ்ட்ரைக் ஆஃப், அதாவது ஒப்புதலுக்கு அனுப்பும் மாதிரி பிரிண்ட், மூன்று தடவை போனது. ஊதா பக்கத்திலிருக்கும் நீலத்தோடு சேர்ந்து தெரிகிறது என்று பையர் ஒவ்வொரு தடவையும் திருப்பி அனுப்பினார். நான் பிரிண்டிங் யூனிட்டிலேயே இரண்டு நாள் உட்கார்ந்துவிட்டேன். வழக்கமாக அவ்வளவு தூரம் போக மாட்டேன். மாஸ்டர் கேட்டார், "ஏனுங் சார், இந்த ஒரு கலருக்கு இத்தனை மெனக்கெடறீங்க?" பையர் ரொம்பக் கறாருங்க என்று சொல்லிவிட்டேன். சாம்பிள் செக்ஷனில் தைக்கிற அக்கா அதை விரித்துப் பார்த்து, "வானவில்லாட்டம் அழகா இருக்குதுங்க, எம் பேரனுக்கு ஒண்ணு கெடைக்குமா" என்றார். நிறம் தவறிப்போன பீஸ்களில் சின்ன சைஸாக ஒன்று எடுத்துக் கொடுத்தேன். அந்தப் பையன் இந்நேரம் அதைப் போட்டுக்கொண்டு எங்கேயோ சைக்கிள் ஓட்டிக்கொண்டிருப்பான்.

நான்காவது தடவை ஊதா ஓகே ஆனது. மெயில் வந்தபோது சாயங்காலம் ஏழு மணி. எனக்கு அவ்வளவு சந்தோஷம். பைக்கை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, பூட்டைத் திறந்து, லைட்டைப் போட்டேன். "இன்னைக்கு ஊதா ஓகே ஆயிருச்சு" என்று சொல்ல ஆள் இல்லை. நீ போன கடிதத்தில் தனிமை எப்படி இருக்கிறது என்று கேட்டிருந்தாயே, இப்படித்தான் இருக்கிறது. சமைப்பதும் துவைப்பதும் எனக்குப் பழகிவிட்டது. ஞாயிறு மத்தியானம்கூடப் பழகிவிட்டது. ஒரு நல்ல செய்தியோடு வீட்டுக்கு வருவது மட்டும் இன்னும் பழகவில்லை.

போன வருஷம் காய்ச்சலில் நாலு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்ததை உனக்கு எழுதவில்லை. "கூட இருக்கறது யாருங்க?" என்று நர்ஸ் கேட்டார். உன் பெயரையும் நம்பரையும்தான் எழுதிக் கொடுத்தேன். போன் செய்தால் நீ அடுத்த பஸ்ஸில் ஏறிவிடுவாய், அதனால்தான் செய்யவில்லை. கோபப்படாதே.

கம்பெனியில் முன்பெல்லாம் "கல்யாணச் சோறு எப்பங் சார்?" என்று வாரத்துக்கு ஒருவராவது கேட்பார்கள். அப்போது எரிச்சலாக இருக்கும். நாற்பது தாண்டியதும் கேட்பதை நிறுத்திவிட்டார்கள். நிறுத்தியபோது நிம்மதி வரும் என்று நினைத்தேன், வரவில்லை. என் வாழ்க்கை முடிந்த கணக்கு என்று அவர்களுக்குள் பேசி முடிவு செய்த மாதிரி இருந்தது.

சரி, கதைக்கு வருகிறேன்.

நீ தமிழ் வாத்தியார், உனக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. நம் மொழியில் வினை முடிகிற இடத்திலேயே ஆணா பெண்ணா என்று தெரிந்துவிடும். வந்தான், வந்தாள். மறைக்கிறவனுக்கு மூன்று வழிதான் உண்டு. "வந்தார்" என்று மரியாதை கொடுக்கலாம். அல்லது கதையை முழுக்க "நான்", "நீ" என்றே ஓட்டலாம். வந்தேன், வந்தாய் என்பதில் ஆண் பெண் கிடையாது. இரண்டும் முடியாதபோது "வந்தாள்" என்று பொய்யாக எழுதலாம். நான் மூன்றையும் செய்திருக்கிறேன். வாழ்க்கையிலும் அப்படித்தான். அவன் என்னோடு இருந்த நாலு வருஷமும், கம்பெனியில் யாராவது கேட்டால் "ரூம்ல ஒருத்தர் இருக்காருங்க" என்பேன். அந்த "இருக்காருங்க"வுக்குள்தான் நாங்கள் குடியிருந்தோம்.

ஆரம்பத்தில் எழுதியதெல்லாம் "நீ" என்று போகிற கதைகள். எல்லாமே கடிதம் மாதிரி இருக்கிறதே என்று நீகூடக் கேட்டாய். அந்தப் பழக்கம் இரண்டாம் வருஷத் தமிழ் வகுப்பில் வந்தது. குறுந்தொகையின் 40ஆம் பாட்டை நடத்தியபோது நான் உன் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். யானும் நீயும் எவ்வழி அறிதும் என்று போகிறது. செம்மண்ணில் விழுந்த மழைநீரைப் போல இரண்டு நெஞ்சங்கள் கலந்துவிட்டன என்று முடிகிறது. தலைவன் தலைவியிடம் சொல்கிறான் என்பது பாட்டுக்கு வெளியே இருக்கிற குறிப்பு. பாட்டின் ஐந்து வரிக்குள் ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை. அகத்திணையில் யார் பெயரையும் சுட்டிச் சொல்லக் கூடாது என்று தொல்காப்பியம் வேறு சொல்கிறது. பத்தொன்பது வயதில் எனக்கு அந்த விதி ஒரு வீடு மாதிரி இருந்தது. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

அந்த வயதில் எங்களைப் பற்றிப் படிக்கக் கிடைத்தது குறைவு. கல்லூரி நூலகத்திலிருந்து கரிச்சான் குஞ்சுவின் 'பசித்த மானிடம்' எடுத்து வந்தது நினைவிருக்கிறதா? 1978இல் வந்த நாவல். கணேசனின் வாழ்க்கையில் ஆண்களோடான உறவும் வருகிறது, தொழுநோயும் வருகிறது. இரண்டையும் ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டுக்கொண்டு நான் பல ராத்திரி தூங்கவில்லை. போன வருஷம் திரும்பப் படித்தேன். அந்த முடிச்சைப் போட்டது என் பயம்தான் என்று இப்போது தெரிகிறது. கரிச்சான் குஞ்சு அந்த மனிதனைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறார், தீர்ப்புச் சொல்லவில்லை. தமிழில் அப்படிப் பார்க்க ஒருவர் இருந்தார் என்பது எனக்குப் பெரிய விஷயம். அதே வயதில் தியேட்டரில் எங்களைப் போன்றவன் திரையில் வந்தால் சிரிப்பு, இல்லையென்றால் கொலைகாரன். நீ பக்கத்தில் இருந்தும் சிரிக்காத ஒரு படம் உண்டு. அதை நான் அன்றைக்கே கவனித்தேன். உன்னிடம் சொல்லலாம் என்று முடிவு செய்தது அந்த இடைவேளையில்தான்.

2018 மே மாதம் அவனுக்குக் கல்யாணம். செப்டம்பர் 6ஆம் தேதி எங்கள் உறவைக் குற்றமாக்கி வைத்திருந்த 377ஆம் பிரிவிலிருந்து உச்ச நீதிமன்றம் எங்களை விடுவித்தது. அன்று சாயங்காலம் நீ போன் செய்தாய். நான் ஒன்றும் பேசவில்லை, நீயும் வைக்கவில்லை. நான் தீர்ப்பை நினைத்து அழுகிறேன் என்று நீ நினைத்திருப்பாய். நாலு மாதம் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். தீர்ப்பு முன்னாலேயே வந்திருந்தால் அவன் வீட்டில் மட்டும் ஒத்துக்கொண்டிருப்பார்களா என்றால், மாட்டார்கள். ஆனாலும் அப்படித்தான் எண்ணத் தோன்றியது.

அந்தக் கல்யாணத்துக்கு நான் போயிருந்தேன். மொய் எழுதுகிறவர் ஊர் கேட்டார், பேர் கேட்டார். 2001 ரூபாய் கொடுத்தேன். "மாப்பிள்ளைக்கு எப்படிங்க வேணும்?" என்றார். கூட வேலை செய்யறேனுங்க என்றேன். நீ படித்த கதை அந்த மண்டபத்திலிருந்து வந்ததுதான். அவனை அவளாக மாற்றினேன். அவன் கழுத்து மச்சத்தை எழுத முடியாது, மீசையை எழுத முடியாது, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு டீ போடுவதை எழுத முடியாது. அதனால்தான் ஜன்னலையும் மழையையும் எழுதினேன்.

இதோடு முடிந்திருந்தால் உனக்கு ஒரு பக்கத்தில் பதில் எழுதியிருப்பேன். வியாழக்கிழமை ராத்திரி 'காதல் தி கோர்' படத்தை இரண்டாவது தடவை பார்த்தேன். ஜியோ பேபி எடுத்த மலையாளப் படம், 2023 நவம்பரில் வந்தது. மம்முட்டி எழுபது தாண்டிய வயதில் அந்த மேத்யூ வேடத்தில் நடித்தார், படத்தைத் தயாரித்ததும் அவர்தான். ஊர்த் தேர்தலில் நிற்கிற நேரத்தில் மனைவி ஓமனா விவாகரத்து கேட்டு வழக்குப் போடுகிறாள். அந்த வேடத்தில் ஜோதிகா. முதல் தடவை பார்த்தபோது நான் மேத்யூ நேசித்த தங்கனையே பார்த்துக்கொண்டிருந்தேன். டிரைவிங் ஸ்கூல் நடத்துகிற, அதிகம் பேசாத அந்த மனிதன் நான்தான் என்று இருந்தது. இந்தத் தடவை என் கண் ஓமனாவை விட்டு நகரவில்லை. இத்தனை வருஷம் ஒரே வீட்டில் அவள் எப்படி இருந்திருப்பாள்? அவள் வழக்குப் போடுவது தனக்காக மட்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. அவனையும் சேர்த்துத்தான் விடுவிக்கிறாள்.

படம் முடிந்து படுத்த பிறகு அந்த மண்டபம் ஞாபகம் வந்தது. மணமேடையில் அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்ணின் முகத்தை எவ்வளவு யோசித்தும் கொண்டுவர முடியவில்லை. நகை ஞாபகம் இருக்கிறது, அரக்குப் பட்டு ஞாபகம் இருக்கிறது, ஜரிகையின் அகலம்கூட ஞாபகம் இருக்கிறது. முகத்தை நான் பார்க்கவே இல்லை. ஏழு வருஷமாக அந்தப் பெண்ணை வெறுத்திருக்கிறேன், மச்சான். அவளிடம் யாரும் உண்மையைச் சொல்லவில்லை. அவனுடைய அப்பா அம்மாவுக்குத் தெரியும், அவனுக்குத் தெரியும், பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்ட எனக்கும் தெரியும். உன் கேள்விக்கு என் பதில் இதுதான். என் கதையில் முகமில்லாமல் இருந்தவர்கள் இரண்டு பேர். ஒருவன் அவன். இன்னொருத்தி அவள்.

அதனால் வெள்ளியும் சனியும் ராத்திரி உட்கார்ந்து புதிதாக ஒன்று எழுதினேன். எழுதும்போது ஈ. எம். ஃபார்ஸ்டரைத்தான் நினைத்துக்கொண்டேன். 'மாரிஸ்' நாவலை 1913, 14இல் எழுதியவர் உயிரோடு இருந்தவரை அதை வெளியிடவில்லை. 1970இல் இறந்தார், புத்தகம் 1971இல் வந்தது. அதில் இரண்டு ஆண்களும் கடைசியில் சேர்ந்து வாழப் போகிறார்கள். சாவிலோ சிறையிலோ முடித்திருந்தால் அந்தக் காலத்தில் வெளியிடுவது சுலபமாக இருந்திருக்கும், அவர் சம்மதிக்கவில்லை. நான் எழுதிய ஏழு கதைகளையும் எடுத்துப் பார்த்தேன். மூன்றில் சாவு, இரண்டில் ரயில் நிலையம், மிச்சம் இரண்டில் கல்யாண மண்டபம். இந்த எட்டாவதில் யாரும் சாகவில்லை, யாரும் ரயில் ஏறவில்லை. அறுபது தாண்டிய இரண்டு பேர். ஒருவர் கட்டிங் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். காலையில் உழவர் சந்தைக்குப் போய்க் கீரை வாங்குவார்கள், முழங்கால் வலிக்கு ஒருவருக்கொருவர் எண்ணெய் தேய்த்துவிடுவார்கள். நடுவில், முன்பு அவர்களில் ஒருவருக்கு மனைவியாக இருந்தவர் ஒருநாள் வீட்டுக்கு வந்து காபி குடித்துவிட்டுப் போகிறார். அவருடைய முகத்தை எழுத ஒரு பக்கத்துக்கு மேல் ஆனது. முதல் வரி, "அவன் சந்தையிலிருந்து வந்தான்." அதற்கு அடுத்த வரியே "நான்" என்று தொடங்குகிறது.

பதினோரு பக்கம், இந்தக் கவரிலேயே வைத்திருக்கிறேன். இதுவரை நான் அனுப்பியதையெல்லாம் நீ மட்டும் படித்துவிட்டு, தங்கச்சி கண்ணில் படாமல் அலமாரியில் வைத்துப் பூட்டினாய். எனக்காகத்தான் செய்தாய் என்று தெரியும். இதைத் தங்கச்சியிடமும் கொடு. காபி குடிக்கிற அந்த அம்மா பேசுகிற இடம் சரியாக வந்திருக்கிறதா என்று உன்னைவிட அவளால்தான் சொல்ல முடியும். படித்த பிறகு அவள் என்ன கேட்டாலும் நீ பதில் சொல்ல வேண்டாம், பொங்கலுக்கு நானே வருகிறேன்.

பாப்பாவுக்கு அந்த ஆறு நிறக் கோடு போட்ட டி-ஷர்ட் ஒன்று எடுத்து வைத்திருக்கிறேன், ஊதா சரியாக வந்த பீஸ். மீடியமா லார்ஜா என்று மட்டும் எழுது.

உன்,
மாப்ள