கிணற்றைத் திறந்துவிட்ட ஊருக்கு எங்கள் நன்றி

அன்புக்கும் மரியாதைக்கும் உரிய ஊர்ப் பெரியவர்களுக்கும், அக்கா, அண்ணன்மார்களுக்கும், எங்கள் ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

ஆம்பூருக்கும் வேலூருக்கும் நடுவே, பாலாற்றை ஒட்டிய உங்கள் ஊரில் கிணற்றுத் தண்ணீரை ஆராய வந்த மாணவர்கள் நாங்கள். வேதியியல், வரலாறு, வணிகவியல், கணிதம், தமிழ் என்று ஐந்து துறைப் பிள்ளைகள் ஒரே குழுவாகச் சேர்ந்திருந்தோம். அறிக்கையைக் கல்லூரியில் கொடுத்தாயிற்று. அதன் முதல் பக்கத்தில் நன்றியுரை என்று நாலு வரி இருக்கிறது. அது போதாது என்று எல்லோருக்கும் பட்டதால், அவர்கள் சார்பில் நான் இதை எழுதுகிறேன்.

முதல் நன்றி, ஊராட்சி அலுவலகத்துக்குப் பின்தெருவில் இருக்கும் பெரியம்மாவுக்கு. "எங்க கெணத்துத் தண்ணியில பருப்பு வேகவே வேகாது பாப்பா. எதனாலன்னு உன் படிப்புல இருக்கா?" என்று கேட்டது அவர்தான். இருக்கிறது. தண்ணீரிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் பருப்பின் தோலை இறுக்கிவிடும். வகுப்பில் கடினத்தன்மை என்று படித்திருந்தோம். அதற்கும் அடுப்புக்கும் உள்ள உறவை அவர் வீட்டில்தான் கண்டோம். அன்று மாலையே அலுவலகத் திண்ணையில், கரைசலை அளந்து சொட்டவிடும் கண்ணாடிக் குழாயான பியூரெட்டை நிறுத்தினோம். ஒரு குடுவையில் தெருக்குழாயில் வரும் காவிரித் தண்ணீர், இன்னொன்றில் பெரியம்மா வீட்டுக் கிணற்றுத் தண்ணீர். இரண்டிலும் நிறங்காட்டி விட்டதும் ஒயின் சிவப்பு வந்தது. கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடித்துக்கொள்ளும் ஈ.டி.டி.ஏ. கரைசலை மேலிருந்து சொட்டுச் சொட்டாக விட, குழாய்த் தண்ணீர் சீக்கிரமே நீலமாகிவிட்டது. கிணற்றுத் தண்ணீருக்கு பியூரெட் காலியாகி மறுபடி நிரப்ப வேண்டியிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து வாய்விட்டுச் சொட்டு எண்ணிக்கொண்டிருந்த பெரியம்மா, "எங்க தண்ணிக்கு மட்டும் இவ்ளோ மருந்தா?" என்றார். அளந்து பார்ப்பது எதற்காக என்பதை அன்று போல் ஆய்வகத்தில் நான் ஒரு நாளும் உணர்ந்ததில்லை.

அப்புறம், தோல் தொழிற்சாலையில் நாற்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்து ஓய்ந்த பெரியவர். பெயர் போட வேண்டாம் என்றதால் போடவில்லை. தோல் பதனிடப் பயன்படும் குரோமியத்தைப் பற்றியே நாங்கள் கேட்டுக்கொண்டிருந்தோம். அவர் கையமர்த்தி, முதலிலிருந்து சொன்னார். பச்சைத் தோல் அழுகாமல் இருக்க உப்பு தடவித்தான் வரும். ஊறவைத்து அலசும்போது அந்த உப்பு அத்தனையும் தண்ணீரில் இறங்கும். குரோமியத்தைக் காரம் சேர்த்துப் படியவைத்துப் பிரித்துவிடலாம். கரைந்த உப்பு அப்படிப் படியாது. அதைப் பிரிக்க எதிர்ச் சவ்வூடு பரவல் (ஆர்.ஓ.), ஆவியாக்கல் என்று செலவு பிடிக்கும் வழிகளுக்குத்தான் போக வேண்டும். ஆவாரம்பட்டையில் பதனிட்ட காலத்தையும் சொன்னார். அந்த ஒரு மணி நேரத்தில் எங்கள் ஆய்வுத் திட்டமே திசை மாறியது. உப்பின் ஒரு பகுதியான குளோரைடை அளக்க முடிவு செய்தோம். சில்வர் நைட்ரேட் சொட்டி, மஞ்சள் கரைசல் செங்கல் நிறமாகும் இடத்தில் நிறுத்தும் அந்தச் சோதனையால் எங்கள் விரல்களெல்லாம் கருத்துப்போயின.

குடிநீரில் கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராம்வரை ஏற்கத்தக்கது, வேறு வழியே இல்லாத இடத்தில் 2000 வரை போகலாம் என்பது இந்திய தர நிர்ணயம். கரைந்த உப்பின் மொத்த அளவில் ஆற்றோரக் கிணறுகள் சில அந்த 2000-ஐயும் தாண்டின. கணிதத் துறைத் தோழி ஒவ்வொரு கிணற்றின் ஆழத்தையும் ஆற்றிலிருந்து அதன் தூரத்தையும் வரைபடத்தில் குறித்தபோதுதான் உப்புக்கும் ஆற்றின் நெருக்கத்துக்கும் உள்ள தொடர்பு கண்ணுக்குத் தெரிந்தது. பாறையும் மண்ணும் உரமும்கூட உப்பு சேர்க்கும் என்பதால், எல்லா உப்பும் தோல் தொழிற்சாலைகளிலிருந்தே வந்தது என்று எழுத எங்கள் பேராசிரியர் அனுமதிக்கவில்லை. அந்தக் கண்டிப்புக்கும் நன்றி.

தோல் கழிவு பற்றிய ஒரு பழைய தீர்ப்பை வரலாற்றுத் துறை நண்பன் நீதிமன்ற ஆவணங்களில் தேடிப் படித்தான். வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு அது. மாசுபடுத்தியவரே ஈடு கட்ட வேண்டும் என்ற கொள்கை நம் நாட்டுச் சட்டத்தின் ஒரு பகுதி என்று சொன்ன தீர்ப்பு. தோல் பதனிடும் பகுதிகளில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ பாழானதாக அதில் இருக்கிறது. சுற்றுச்சூழல் சட்டம் படிக்கிறவர்கள் நாடு முழுக்க இந்த வழக்கைப் படிக்கிறார்கள். எங்களில் பாதிப் பேர் இந்த மாவட்டத்திலேயே பிறந்து வளர்ந்தும் கேள்விப்பட்டதில்லை. தீர்ப்பின் பக்கங்களைப் பொறுமையாக விளக்கிய வழக்கறிஞர் அக்காவுக்கு என்றும் கடமைப்பட்டிருக்கிறோம்.

கேன் தண்ணீர்க் கணக்கை மறைக்காமல் சொன்ன சுய உதவிக் குழு அக்காமார்களுக்கும் நன்றி. வணிகவியல் மாணவர்கள் அதை வைத்துத்தான் வீட்டுச் செலவில் தண்ணீரின் பங்கைக் கணக்கிட்டார்கள். அறிக்கையின் தமிழ்ச் சுருக்கத்தை, ஊரில் யார் எடுத்துப் படித்தாலும் விளங்க வேண்டும் என்று எங்களைத் திரும்பத் திரும்ப எழுதவைத்தவள் தமிழ்த் துறைத் தோழி. வேதியியல் மாணவர்கள் சார்பில் அவளுக்குத் தனி நன்றி.

கல்லூரிக்குள் இருவகைப் பேரைச் சொல்லியே ஆக வேண்டும். ஒருவர் எங்கள் ஆய்வக உதவியாளர் அண்ணன். சில்வர் நைட்ரேட் விலை எல்லோருக்கும் தெரியும். "வீணாக்காம செய்ங்க, தீர்ந்தா நான் கேட்டு வாங்கித் தரேன்" என்று சொல்லி, நேரம் முடிந்த பிறகும் பூட்டாமல் காத்திருந்தார். அடுத்து, துறைத் தலைவர்கள். ஐந்து துறைக்கும் அட்டவணை வேறு, இன்டர்னல் தேர்வு வேறு. அதையெல்லாம் உட்கார்ந்து பேசி, சனிக்கிழமைகளை எங்களுக்கு ஒதுக்கி, இந்த வேலைக்கு மதிப்பெண்ணும் உண்டு என்று முடிவெடுத்தார்கள். இளங்கலையிலேயே இப்படி ஒரு வேலையை நம்பி ஒப்படைப்பது பெரிய விஷயம். இது ஒரு குழுவோடு நிற்காமல், எல்லாத் துறைப் பிள்ளைகளுக்கும் ஒரு முறையாவது கிடைக்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

இருட்டி வந்தாலும் கோபிக்காமல் பேருந்து நிறுத்தத்தில் காத்திருந்த அப்பா, அம்மாக்களுக்கு என்ன சொல்வது! அவர்கள் சரி என்றிராவிட்டால் எங்களில் பல பெண்கள் வந்திருக்கவே முடியாது.

ஒவ்வொரு கிணற்றுத் தண்ணீரின் சோதனை முடிவும் அந்தந்த வீட்டாரிடம் எழுதிக் கொடுக்கப்பட்டிருக்கிறது. முழு அறிக்கையின் பிரதி ஊராட்சி அலுவலகத்தில் இருக்கிறது. யாரும் கேட்டுப் பார்க்கலாம். வடகிழக்குப் பருவமழை முடிந்ததும் ஜனவரியில் எங்கள் இரண்டாமாண்டுத் தம்பி, தங்கைகள் அதே கிணறுகளை மறுபடி அளக்க வருவார்கள். தண்ணீர் பிடிப்பதற்கு முன் மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிடச் சொல்வார்கள். எங்களுக்குச் செய்தது போலவே அவர்களுக்கும் செய்துகொடுங்கள்.

நன்றியுடன்,
குழுவின் சார்பில்,
வேதியியல் மூன்றாமாண்டு மாணவி,
வேலூர்