6ஜி ஆவணங்களை எழுதப்போகிறவர்கள்: பாரத் 6ஜி கூட்டணிக்கு ஒரு திறந்த மடல்

பாரத் 6ஜி கூட்டணியின் பொறுப்பாளர்களுக்கும் உறுப்பு நிறுவனங்களின் தலைவர்களுக்கும்,

வணக்கம். கம்பியில்லாத் தொலைத்தொடர்பில் தரநிர்ணயக் கூட்டங்களுக்கான முன்மொழிவுகள், கையேடுகள் போன்ற ஆவணங்களை எழுதுவதையே தொழிலாகக் கொண்ட பொறியாளர்களில் ஒருவனாக இம்மடலை எழுதுகிறேன். எங்களுக்கென்று ஒரு பதவி உயர்வுப் பாதையை உங்கள் நிறுவனங்கள் வகுக்க வேண்டும் என்பதே என் கோரிக்கை.

இந்தியக் கிராமங்களில் கோபுரங்கள் தள்ளித்தள்ளி நிற்கின்றன. அவற்றைப் பயன்படுத்துவோர் பெரும்பாலும் மெதுவாக நகர்பவர்கள். நமக்கு வெளிப்படையாகத் தெரியும் இந்த நிலைமை, 2017-இல் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் 5ஜி மதிப்பீட்டு நெறிகளில், கோபுரங்களுக்கு இடையே 6 கிலோமீட்டர் இடைவெளி கொண்ட சோதனைச் சூழலாக இடம்பெற்றது என்றால், அதற்குக் காரணம் நம்மவர்கள் கணக்கீடுகளோடு ஆவணங்களை எழுதி, எதிர்வாதங்களுக்கு எழுத்திலேயே விடையளித்ததுதான். அதன் தொடர்ச்சியாக இந்தியாவில் உருவான 5ஜிஐ என்ற 5ஜி தரம், ஒன்றியத்தின் ஏற்பைப் பெற்ற பிறகு, கைபேசி வலையமைப்புகளுக்கான உலகத் தரங்களை வகுக்கும் 3ஜிபிபி அமைப்பின் 17ஆம் வெளியீட்டோடு (அது கட்டம் கட்டமாக வெளியிடும் தரத் தொகுப்புகளுள் ஒன்று) இணைக்கப்பட்டது. தனித் தரம் தேவைதானா என்று அன்று எழுந்த கேள்வியில் நியாயம் இருந்ததாகவே நான் கருதுகிறேன். ஆயினும் அந்தச் சோதனைச் சூழலை எழுதிச் சேர்த்த உழைப்பின் மதிப்பு அதனால் குறைந்துவிடவில்லை.

3ஜிபிபி கூட்டங்களில் முடிவுகள் பெரும்பாலும் கருத்தொற்றுமையால் எட்டப்படுகின்றன. கெடுவுக்குள் ஆவணத்தைச் சமர்ப்பித்து, இடைவேளையில் மற்ற நிறுவனத்தாரோடு பேசி, அன்றிரவே வாசகத்தைத் திருத்தி, மறுநாள் ஒப்புதல் வாங்கும் திறமை பல ஆண்டுப் பழக்கத்தில்தான் வரும். நம் நிறுவனங்கள் பலவற்றிலோ இது யாருக்கோ கொடுக்கப்படும் கூடுதல் வேலை. ஆண்டு மதிப்பீட்டில் நிரலும் காப்புரிமையும் எண்ணப்படுகின்றன; ஏற்கப்பட்ட திருத்த வாசகத்துக்குக் கட்டமே இல்லை. கையேடு எழுதுபவர் நிலை இன்னும் மோசம். ஆன்டெனாவின் சாய்வுக் கோணத்தையும் மின்தரையிணைப்பையும் கோபுரத்தின் மேல் நிற்கும் தொழில்நுட்பருக்குப் பிழையின்றிச் சொல்ல வேண்டியவர் அவர்தான். ஆனால் அவர் 'துணைப் பணி' என்ற பிரிவில் வைக்கப்படுகிறார். சில ஆண்டுகளில் மேலே செல்ல இடமில்லாமல், எழுத்தைக் கைவிட்டு நிர்வாகத்துக்குப் போய்விடுகிறார். (நல்ல எழுத்தாளர் நல்ல மேலாளராவார் என்று யார் சொன்னது?)

3ஜிபிபி-யின் 20ஆம் வெளியீட்டில் 6ஜி ஆய்வுகள் தொடங்கிவிட்டன. முதல் 6ஜி விதிமுறைகள் 21ஆம் வெளியீட்டில் எழுதப்பட உள்ளன. ஆகவே, தரநிர்ணயப் பணிக்கு அனுப்பப்படும் பொறியாளரை ஒரு வெளியீடு முடியும் வரையேனும் இடம் மாற்றாதீர்கள். ஏற்கப்பட்ட ஆவணங்களுக்குக் காப்புரிமைக்கு இணையான மதிப்பெண் அளியுங்கள். முதன்மைப் பொறியாளர் நிலைக்கு இணையான ஊதியமும் பதவியும் தொழில்நுட்ப எழுத்தாளருக்கும் எட்டும்படி உங்கள் பணி விதிகளைத் திருத்துங்கள். 21ஆம் வெளியீட்டின் பணி முழுவேகம் எடுக்குமுன் அவற்றை உறுப்பு நிறுவனங்கள் அனைத்துக்கும் பொதுவாக வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
தொலைத்தொடர்பு ஆவணப் பொறியாளர் ஒருவர்