சப்பாத்துப் போட்ட நாலு வருடத்துக்கு நன்றி

உள்ளே வளைந்த பாதத்தோடு பிறந்த பிள்ளைக்குக் குதிநாணை வெட்டிவிடச் சில நிமிடம்தான் செல்லும். சத்திரசிகிச்சை செய்த வைத்தியர்களுக்கு நேரிலேயே நன்றி சொல்லிவிட்டோம். இந்த மடல் அதற்குப் பிறகு எங்களைத் தாங்கியவர்களுக்கு.

முதலில், வீடு தேடி வந்த குடும்பநல மாது மிஸ்மாருக்கு. அவர்கள் பார்க்கச் சொன்னவை இவை. நாணை வெட்டியபின் போடும் கடைசி மாக்கட்டு (பிளாஸ்ரர்) மூன்று வாரம் காலில் இருக்கும். பெருவிரலை அழுத்தி விட்டால் வெளிறிய இடம் இரண்டு விநாடிக்குள் பழைய நிறத்துக்குத் திரும்ப வேண்டும். விரல் நீலித்தாலோ குளிர்ந்தாலோ, விடியட்டும் என்று இருக்கக்கூடாது. விரல்கள் கட்டுக்குள் போய் மறைந்தால் கட்டு வழுக்கிவிட்டது. அதுவும் உடனே காட்ட வேண்டியது.

பிசியோ மிஸ்மார் சொல்லித் தந்தவை ஏராளம். கட்டு வெட்டிக் கழற்றிய அன்றே சப்பாத்து, இரண்டு காலுக்கும், நடுவில் ஒரு கம்பியால் இணைத்தது. வளைந்திருந்த கால் வெளிப்பக்கம் 70 பாகை, நல்ல கால் 40 பாகை, கம்பி பிள்ளையின் தோள் அகலம். முதல் 3 மாதம் நாளுக்கு 23 மணித்தியாலம். மிச்ச ஒன்று குளிப்பாட்ட. பிறகு 4 வயதுவரை இரவும் பகல் தூக்கமும். முழங்காலை மடித்து, குதியை அடியில் நன்றாக இருத்தி, நடு வாரைத்தான் முதலில் பூட்ட வேண்டும். மற்றதெல்லாம் பிறகு. இறுக்கினால் கொப்புளம் வரும் என்று பயந்து வாரைத் தளர்த்துவார்கள். உண்மையில் தளர்ந்த சப்பாத்துக்குள் குதி ஏறி இறங்கி உரசித்தான் கொப்புளம் வருகிறது. சிவந்த இடத்தில் எண்ணெய், கிறீம் வேண்டாம். தோல் இன்னும் இளகிவிடும். வன்னி வெக்கையில் பருத்திச் சொக்ஸ் ஒரு நாளைக்கு மூன்று நாலாவது வேண்டும், சுருக்கமில்லாமல்.

கம்பியின் திருகாணி தளர்ந்தால் பாகை மாறும், வெளியே தெரியாது. ஒரு கோடு கியூட்டெக்ஸ் பூசி வைத்தால் அசைந்தது உடனே தெரியும். அதை இறுக்கித் தந்து காசு வாங்காத சைக்கிள் கடை அண்ணைமாருக்கும், பிய்ந்த வாரைத் தைத்துத் தந்த ஐயாவுக்கும், புதுக்குடியிருப்பிலிருந்து பரந்தன்வரை கம்பி இடிபடாமல் முன் சீற் தந்த கொண்டக்டர்மாருக்கும் நன்றி.

அம்மம்மாமாரே, அப்பம்மாமாரே, உங்களுக்குத்தான் பெரிய நன்றி. கால் நேராகிவிட்டது, இனி ஏன் இந்த விலங்கு என்று ஊர் கேட்கும்போது வீட்டில் ஆள் வேண்டும். பாதம் திரும்பவும் உள்ளே வளைவது பெரும்பாலும் அந்தக் கேள்விக்கு இரங்கிக் கழற்றிய வீடுகளில்தான். முதல் இரண்டு மூன்று இரவு பிள்ளை கத்தும். இரண்டு காலையும் சேர்த்து மடக்கி நீட்டி விளையாட்டுக் காட்டினால் பழகும். அந்த இரவுகளில் முறை வைத்து விழித்திருந்தது நீங்கள்.

சிறுத்துப்போன சப்பாத்தை அலமாரியில் வைக்காதீர்கள். கழுவிக் காயவைத்து, அடியின் நீளத்தைச் சென்ரிமீற்றரில் எழுதி ஒட்டி, சோடியாகவே பிசியோ மிஸ்ஸிடம் கொடுங்கள். கம்பியையும்.

இப்படிக்கு,
கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பெற்றோர் சிலர்